தத்தெடுப்பு ஏஜென்சிக்கு ஐந்துக்கு மூன்று: இன்னும் காத்திருக்கிற ஒரு குடும்பத்தின் விமர்சனம்

இன்னும் குழந்தை வீட்டுக்கு வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தத்தெடுப்பு ஏஜென்சிகளைப் பற்றி வருகிற விமர்சனங்களில் பெரும்பாலானவை ஏர்போர்ட்டில் பலூனோடு நிற்கிற குடும்பங்கள் எழுதியவை. பிள்ளை கைக்கு வந்த சந்தோஷத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள், நடுவில் பட்ட பாடெல்லாம் மறந்துபோகிறது. நாங்கள் அந்த நடுவில் இருக்கிறோம். இந்தச் சேவைக்குக் கொடுக்கிற காசில் பெரும்பகுதி இந்த நடுப்பகுதிக்குத்தான் போகிறது, அதனால் இதை வைத்து மதிப்பெண் போடுவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். ஏஜென்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் ஃபைல் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது!

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ குடும்பம், டெக்சாஸில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை, கூடவே ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுப்பது). ஒரு மகன், ஆரம்பப் பள்ளியில் படிக்கிறான். இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்தபோது முதலில் தெரிந்துகொண்டது, நாமாக நேரே போய்ப் பதிவு செய்ய முடியாது என்பதுதான். டெல்லியில் இருக்கிற காரா என்ற மத்திய அமைப்புதான் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கெல்லாம் தலைவாசல், அதன் கேரிங்ஸ் போர்ட்டலில் நம்மைப் பதிவு செய்வது காரா அங்கீகரித்த வெளிநாட்டு ஏஜென்சி. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற என்ஆர்ஐ தம்பதிக்கு வரிசையில் இந்தியாவில் வசிப்பவர்களுக்குச் சமமான இடம். குடியுரிமை மாற்றிக்கொண்ட எங்களைப் போன்றவர்கள் வெளிநாட்டுத் தத்தெடுப்பு வரிசையில்தான் நிற்க வேண்டும். 2015-ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டப்படி, தத்துக்குத் தகுதியானது என்று அறிவித்து 60 நாளுக்குள் ஒரு குழந்தைக்கு உள்நாட்டிலோ என்ஆர்ஐகளிடமோ வீடு கிடைக்காவிட்டால்தான் அது எங்கள் பக்கம் வரும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், அண்ணன் தங்கை என்று சேர்ந்தே போக வேண்டியவர்கள், உடல் குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ளவர்கள், இவர்களுக்கு வெளிநாட்டுத் தத்தெடுப்பில் முன்னுரிமை உண்டு. ஆக ஆரோக்கியமான கைக்குழந்தை என்கிற கனவோடு வருகிறவர்களிடம் ஏஜென்சி முதல் ஃபோன் காலிலேயே இதை உடைத்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஏஜென்சி சொன்னது, அதற்கு முழு மதிப்பெண்.

வயதுக் கணக்கையும் தெளிவாகச் சொன்னார்கள். இந்தியாவின் 2022 தத்தெடுப்பு விதிமுறைப்படி இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தை வேண்டுமென்றால் தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85-க்குள் இருக்க வேண்டும், இரண்டிலிருந்து நாலு வயதுவரை 90, நாலிலிருந்து எட்டு என்றால் 100. நாங்கள் 90 கணக்கில் வருகிறோம். காத்திருக்கும்போதே வயது ஏறிவிடுமே என்று என் கணவர் ராத்திரியெல்லாம் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். பதிவு செய்த தேதியில் என்ன வயதோ அதுதான் கணக்கு என்று ஏஜென்சியில் ஒரு பெண்மணி விளக்கினார், அதற்கப்புறம்தான் என் கணவர் தூங்க ஆரம்பித்தார்.

அப்புறம் ஹோம் ஸ்டடி, அதாவது தத்தெடுக்கத் தகுதியான குடும்பமா என்று வீட்டுக்கே வந்து விசாரித்து அறிக்கை எழுதுவது. இதை இன்னொரு உள்ளூர் ஏஜென்சி செய்தது, அவர்களுக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர் அலமாரியைத் திறந்து தூசி பார்ப்பார் என்று பயந்து நான் பெயின்ட்கூட அடிக்கச் சொல்லியிருந்தேன். அவர் பார்த்ததெல்லாம் புகை அலாரமும், மருந்து எங்கே பூட்டி வைத்திருக்கிறோம் என்பதும்தான். மிச்ச நேரமெல்லாம் பேச்சு. எப்படி வளர்ந்தீர்கள், அப்பா அடிப்பாரா, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், மகன் என்ன நினைக்கிறான் என்று. 18 வயதுக்குப் பிறகு எந்த ஊரில் எந்த நாட்டில் வசித்திருந்தாலும் அங்கிருந்தெல்லாம் நன்னடத்தைச் சான்று வேண்டும் என்பதால் என் பழைய ஹாஸ்டல் முகவரியெல்லாம் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. எரிச்சலான வேலைதான், ஆனால் ஒரு குழந்தையை யார் கையிலோ கொடுக்கிறவர்கள் இதைக் கேட்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

அந்தப் பேச்சில் ஒரு கேள்வி வந்தது: உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் இந்தக் குழந்தையை எப்படி ஏற்றுக்கொள்வார்கள்? அத்தையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "யாரு புள்ளையோ என்னமோம்மா, நம்ம ஆளுகளா இருந்தா பரவாயில்ல." கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று காலையில் பிரசங்கம் கேட்டுவிட்டு மத்தியானம் இதைக் கேட்கிற ஆட்கள்தான் நாம், புதிதாக ஒன்றுமில்லை. சமூகப் பணியாளரிடம் இதை அப்படியே சொன்னோம். அவர் எழுதிக்கொண்டார், தொடர்ந்து பேசுங்கள் என்றார். ஏஜென்சியின் கட்டாயப் பயிற்சியிலும் இதைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. ஹேக் ஒப்பந்த நாடுகளிலிருந்து (நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தவை, இந்தியாவும் அதில் ஒன்று) தத்தெடுக்கிற அமெரிக்கப் பெற்றோருக்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி கட்டாயம். பலர் இதை டிராஃபிக் அபராதத்துக்கு உட்காருகிற வகுப்பு மாதிரி நினைக்கிறார்கள். எங்களுக்கு நிஜமாகவே உதவிய பகுதி இது. விடுதியில் வளர்ந்த குழந்தை சாப்பாட்டை ஏன் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கும், வந்த முதல் மாதங்களில் உறவினர்கள் ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சுவதை ஏன் தள்ளிப்போட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது விஷயத்தை எங்கள் சொந்தத்தில் யாருக்குப் புரியவைக்கப் போகிறேனோ தெரியவில்லை.

இனி குறைகள்.

இது ஒரு கிறிஸ்தவ ஏஜென்சி. முகப்பிலேயே யாக்கோபு 1:27 (திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதே பக்தி என்கிற வசனம்), விண்ணப்பத்தோடு விசுவாச அறிக்கை, ஆயரிடமிருந்து கடிதம். அதில் எனக்குச் சங்கடமில்லை. (காரா விதிகளில் மதம் ஒரு தகுதியே இல்லை, இது ஏஜென்சி தானாக வைத்துக்கொண்ட நிபந்தனை.) எங்கள் சபையில் ஒரு குடும்பம் பரிந்துரைத்ததும் ஒரு காரணம், நம்ம ஜனம், ஏமாற்ற மாட்டார்கள் என்கிற நினைப்பு இன்னொரு காரணம். அவர்கள் ஏமாற்றவில்லை. ஆனால் திங்கட்கிழமைதோறும் உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று தவறாமல் மின்னஞ்சல் வரும், எங்கள் ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்டு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு மட்டும் பதில் வராது. இரண்டாவது தடவை கேட்டால், தேவனுடைய வேளைக்காகக் காத்திருப்போம் என்று பதில். தேவனுடைய வேளையைப் பற்றி எனக்கு என் பாட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் கேட்டது ஹோம் ஸ்டடியைப் போர்ட்டலில் என்றைக்கு ஏற்றினீர்கள் என்ற தேதியை. ஜெபத்தை நாங்களே பண்ணிக்கொள்வோம், தேதியை அவர்கள்தான் சொல்ல முடியும்.

சரி, பக்தியின் பெயரால் மழுப்புவது ஒரு பக்கம் இருக்கட்டும், நிஜமாகவே கோபம் வந்த விஷயம் வேறு. ஹேக் ஒப்பந்த நாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் ஐ-800ஏ என்ற மனுவில் முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக்கு ஆயுள் 15 மாதம். இந்தியாவிலிருந்து தத்தெடுக்கிறவர்களில் நிறையப் பேருக்கு அதற்குள் காரியம் முடிவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். நீட்டிப்பு கேட்க இன்னொரு படிவம் இருக்கிறது, காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும், அதோடு புதுப்பித்த ஹோம் ஸ்டடியும் போக வேண்டும். இந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஏஜென்சியே எழுதிக் கொடுத்திருந்தது. நினைவூட்டல் வரவில்லை. என் கணவர் காலண்டரில் தானே குறித்து வைத்திருந்ததால் தப்பித்தோம். கேட்டதற்கு, முன்பிருந்த ஒருங்கிணைப்பாளர் போய்விட்டார், புதியவர் இன்னும் எல்லா ஃபைலையும் பார்க்கவில்லை என்றார்கள்.

ஆள் மாறியதற்குக் காரணம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2024-இல் சீனா வெளிநாட்டவருக்குக் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டது, நெருங்கிய சொந்தத்துக்குள் தத்தெடுப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. குழந்தையின் படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்து வருடக்கணக்காகக் காத்திருந்த அமெரிக்கக் குடும்பங்களுக்கும் கதவு மூடிவிட்டது. எத்தியோப்பியா 2018-லேயே நிறுத்தியது, ரஷ்யா 2013-இலிருந்து அமெரிக்கர்களுக்குக் கொடுப்பதில்லை. 2004-இல் கிட்டத்தட்ட 23,000 குழந்தைகள் வெளிநாடுகளிலிருந்து தத்தெடுக்கப்பட்டு அமெரிக்காவுக்கு வந்தார்கள், 2023-இல் அது 1,275. ஏஜென்சிகளெல்லாம் அந்தப் பழைய காலத்து அளவில் ஆள் வைத்து நடத்திய நிறுவனங்கள், இப்போது சுருங்கிக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஏஜென்சியிலும் சீனப் பிரிவு மூடப்பட்டது, ஆட்கள் குறைந்தார்கள், இந்தியப் பிரிவில் மிஞ்சியவர்கள் தலையில் எல்லா ஃபைலும் விழுந்தது. எனக்கு அவர்கள்மேல் பரிதாபம் உண்டு. அதற்காக வெப்சைட்டில் இன்னமும் "12 முதல் 18 மாதம்" என்று போட்டுப் புதுக் குடும்பங்களிடம் முன்பணம் வாங்குவதை ஒத்துக்கொள்ள முடியாது. கையெழுத்துப் போடும்வரை அது அவர்கள் சொன்ன கணக்கு, கையெழுத்துப் போட்ட பிறகு "எல்லாம் இந்தியாவின் கையில் இருக்கிறது."

இந்தியாவின் தாமதத்தைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை, என் அமெரிக்கத் தோழிகள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். இவ்வளவு காகிதம் ஏன் என்பதற்கு வரலாறு இருக்கிறது. லக்ஷ்மிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தை வழக்காக எடுத்து 1984-இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு ஒழுங்கான நெறிமுறையே வந்தது. அதற்குப் பிறகும், 2005-இல் சென்னையில் பிள்ளைகளைக் கடத்திப் போலிக் காகிதம் தயாரித்து வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்த விவகாரம் வெளியே வந்தது. தெருவோரம் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தத் தாய்மாரை நினைத்தால், குழந்தைகள் நலக் குழு ஒரு குழந்தையைத் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கும் முன் பெற்றோரைத் தேடுவதற்கு எடுத்துக்கொள்கிற மாதங்களை யாரும் குறைக்கச் சொல்ல மாட்டார்கள். நமக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்பதற்காக இன்னொருத்தியின் பிள்ளை காணாமல் போகக் கூடாது. கிறிஸ்தவ ஏஜென்சிகள் இந்தக் கதையைத் தங்கள் பயிற்சியில் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சொல்லவில்லை, அனாதைகளைக் காப்பாற்றுங்கள் என்ற வசனம் மட்டும்தான்.

இப்போது ரெஃபரல். அதாவது ஒரு குழந்தையின் படமும் ஃபைலும் நமக்கு வருவது. வந்த கணத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் ஒதுக்கிக்கொள்கிறோமா என்று சொல்ல வேண்டும், ஒதுக்கிக்கொண்டால் முழுச் சம்மதம் தெரிவிக்க 30 நாள். எங்களுக்கு வந்தது. ஒரு சின்னப் பெண், இரண்டு குடுமி. அவளுடைய உடல்நிலையை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடைய விஷயம், ஊரில் எல்லாரும் படிக்கிறதற்கில்லை. வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கிற பிள்ளைகளின் மருத்துவ அறிக்கையைப் படித்துச் சொல்வதற்கென்றே இங்கே குழந்தை மருத்துவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒருவரிடம் அனுப்பினோம். அவர் ஒளிக்காமல் சொன்னார்: ஆயுள் முழுக்க ஒருவர் வேலையை விட்டுக் கூடவே இருக்க வேண்டிவரும், இன்னும் சில பரிசோதனைகள் செய்யாமல் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. இங்கே எங்களுக்குத் தாத்தா பாட்டி யாரும் பக்கத்தில் இல்லை. இரவெல்லாம் பேசினோம், அழுதோம், ஜெபித்தோம், வேண்டாம் என்று சொன்னோம்.

இந்த இடத்தில்தான் ஏஜென்சி என் மனதில் உயர்ந்தது. அந்தப் புது ஒருங்கிணைப்பாளர், மின்னஞ்சலுக்குப் பதில் போடாதவர், ராத்திரி ஃபோனில் வந்து எங்களோடு பொறுமையாகப் பேசினார். நாங்கள் முடிவு சொல்லும் முன்பே அவர் சொன்னது இது: "நீங்கள் மறுத்தால் அந்தக் குழந்தையைக் கைவிட்டதாக ஆகாது, அவளுக்கு வேறு குடும்பம் தேடுவார்கள். முடியாது என்று தெரிந்தும் சரி சொல்வதுதான் அவளுக்குச் செய்கிற தீங்கு." ஒரு வார்த்தை குற்றப்படுத்தவில்லை, கடவுளை நடுவில் இழுக்கவில்லை. வேறு ஏஜென்சிகளில், மறுத்தால் வரிசையில் கீழே போய்விடுவீர்கள் என்று பயமுறுத்திச் சரி சொல்லவைத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஜெபக்கூட்டத்தில்தான் ஒரு அக்கா, உங்களுக்கு விசுவாசம் குறைவு என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, அந்தக் கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் போகவில்லை, அவ்வளவுதான். அத்தை அந்தப் பெண் குழந்தைக்காக இன்னமும் தினம் ஜெபிக்கிறார். யாரு புள்ளை என்ற கேள்வி அதற்கப்புறம் அவரிடமிருந்து வரவில்லை.

சபையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க சபைகளில் தத்தெடுப்புக்குப் பணம் திரட்டுவது சாதாரணம். டி-ஷர்ட் அடித்து விற்பார்கள், பழைய சாமான் விற்பார்கள், ஏஜென்சியே அதற்கு ஒரு கையேடு கொடுக்கிறது. எங்களால் முடியவில்லை. பிள்ளை வேண்டுமென்று ஊரில் வசூல் பண்ணினார்களாம் என்ற பேச்சு பாளையங்கோட்டைக்குப் போய்ச்சேர ஒரு வாட்ஸப் மெசேஜ் போதும். கையிலிருந்ததைப் போட்டோம், வீடு மாறுவதைத் தள்ளிப்போட்டோம். தமிழ் சபையில் பணம் பற்றி யாரும் கேட்கவில்லை, எல்லாரும் பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்த அன்னாளின் கதையைச் சொன்னார்கள். அன்னாள் சாமுவேலைப் பெற்றாள், தத்தெடுக்கவில்லை. எங்களுக்கு ஏற்கனவே ஒரு மகனும் இருக்கிறான். ஆனாலும் தத்தெடுப்பு என்றால் நம் ஆட்களுக்கு மலடு, கண்ணீர், அதிசயம் என்ற மூன்றுதான் ஞாபகம் வருகிறது. பார்வோன் மகள் மோசேயை எடுத்து வளர்த்ததை யாராவது ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

இதற்கு ஒரு காரணம், இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுப்பு என்பதே சட்டத்தில் வெகுகாலம் இல்லாமல் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1956-ஆம் வருடத்துத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கும் பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் மட்டும். கிறிஸ்தவர்கள் 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டப்படி பாதுகாவலராக மட்டும்தான் இருக்க முடிந்தது. என் கணவரின் பெரியப்பா அப்படித்தான் ஒரு பையனை வளர்த்தார். குடும்பப் படத்தில் எல்லாம் அவன் இருப்பான், ஆனால் வாரிசு இல்லை, உயில் எழுதித்தான் வீட்டைக் கொடுக்க வேண்டியிருந்தது, அதிலும் சித்தப்பாக்கள் முணுமுணுத்தார்கள். சிறார் நீதிச் சட்டம் 2006-இல் திருத்தப்பட்ட பிறகுதான் தெளிவான வழி பிறந்தது. எந்த மதத்தவரும் அந்தச் சட்டத்தின்படி தத்தெடுக்கலாம் என்பதை 2014-இல் ஷப்னம் ஹஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. எங்களுக்குக் குழந்தை வந்தால் அவள் பெரியப்பா பையனைப் போலப் படத்தில் மட்டும் நிற்க மாட்டாள்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். இந்தியாவில் குழந்தை இருக்கிற விடுதிக்குப் போகிற தொகை 5,000 டாலர் என்று விதிமுறையே சொல்கிறது, அதற்குமேல் "நன்கொடை" என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஐ-800ஏ மனுவுக்கு 2024 ஏப்ரலிலிருந்து 920 டாலர். பெரிய தொகை ஏஜென்சியின் சொந்தக் கட்டணம்தான், எங்கள் ஏஜென்சி அதில் பெரும்பகுதியை ரெஃபரல் வருமுன்பே வாங்கிவிட்டது. ஒப்பந்தத்தில் இந்தப் பத்தியை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்: எந்தக் கட்டத்தில் எவ்வளவு, திரும்பக் கிடைப்பது எது, ஹோம் ஸ்டடி புதுப்பிக்க ஒவ்வொரு தடவையும் தனிக் காசா. தத்தெடுப்புக்கு வருமான வரிச் சலுகை உண்டு, 2024-க்கு ஒரு குழந்தைக்கு உச்சவரம்பு 16,810 டாலர். ஆனால் வெளிநாட்டுத் தத்தெடுப்பில் தத்து முடிந்த பிறகுதான் அதைக் கேட்க முடியும், ஆகவே காத்திருக்கிற வருடங்களில் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ரெஃபரலுக்குச் சம்மதம் சொன்ன பிறகும் பாதை நீளம்தான். அமெரிக்கத் தரப்பின் தற்காலிக அனுமதி, தூதரகக் கடிதம், காராவின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் உத்தரவு, குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட், விசா. முன்பு நீதிமன்றம் கொடுத்த தத்து உத்தரவை 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியர் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் சமூகப் பணியாளர் வந்து பார்த்து இந்தியாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இந்தக் கட்டங்களில் எங்கள் ஏஜென்சி எப்படி என்று எனக்கு அனுபவமில்லை, அங்கே போய்ச் சேர்ந்தவர்களிடம் கேளுங்கள்.

ஆக, பயிற்சிக்கும் ரெஃபரல் சமயத்தில் நடந்துகொண்ட விதத்துக்கும் ஐந்து. தேதிகளைக் கவனிப்பதற்கும் மின்னஞ்சலுக்கும் ஒன்று. வெப்சைட்டில் போட்டிருக்கிற கால அளவுக்கு ஒன்றுமில்லை. மொத்தத்தில் மூன்று. இந்த மாதிரி ஏஜென்சியில் சேரலாமா என்றால், காலண்டரை நீங்களே பார்த்துக்கொள்ள முடியுமென்றால் சேரலாம். சேருமுன் அவர்களிடம் குழந்தை வந்து சேர்ந்த குடும்பத்தின் எண்ணைக் கேட்காதீர்கள், அதை அவர்களே கொடுப்பார்கள். இன்னும் காத்திருக்கிற குடும்பத்தின் எண்ணைக் கேளுங்கள். நீட்டிப்புக்காக எங்களுக்கு அடுத்த கைரேகை அப்பாயின்ட்மென்ட் வந்திருக்கிறது. இந்தத் தடவை ஏஜென்சியிடமிருந்து நினைவூட்டலும் வந்தது, ஆகவே அந்த ஒன்றை இரண்டாக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.